ஞாயிறு பின்னேரத்து யோசனை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு, ஐந்து மணி ஆனதும் எங்கள் வீடுகள் பலவற்றில் ஒரு மாற்றம் வருகின்றது. மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியோடு கலகலப்பாகச் சாப்பிட்டவர் கதைக்காமல் இருப்பார். பிள்ளைகளின் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். அடுத்த நாளுக்கான சட்டையைத் தேடும்போது கோபம் வரும். வயிறு கலக்கும், நெஞ்சு படபடக்கும், பத்து மணிக்குப் படுத்தாலும் ஒரு மணி வரை நித்திரை வராது. திங்கட்கிழமை வேலைக்குப் போய் ஒரு மணி நேரத்துக்குள் இதில் பெரும்பகுதி காணாமற் போய்விடும். அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்குத் திரும்பி வரும்.

கனடாவில் ஆங்கிலம் பேசுபவர்கள் இதற்கு 'சண்டே ஸ்கேரீஸ்' என்று செல்லமாகப் பெயர் வைத்திருக்கின்றார்கள். மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்தும் ஏடுகளில் அப்படி ஒரு நோய் இல்லை. இனி வரப்போகும் ஒன்றை நினைத்து உடம்பும் மனமும் முற்கூட்டியே பதறுவதுதான் இது. எங்கள் ஊர் மருத்துவத் தமிழில் இதற்குப் 'பதகளிப்பு' என்ற நல்ல சொல் இருக்கின்றது. ஆனால் வீட்டில் நாங்கள் அதைச் சொல்வதில்லை. 'யோசனை' என்கிறோம். 'யோசியாதேங்கோ' என்றால் சிந்திக்காதீர்கள் என்பது பொருள் அல்ல, கவலைப்படாதீர்கள் என்பதே பொருள். இந்தச் சொல் குடும்ப வைத்தியரின் அறையில் ஒரு சிக்கலை உண்டாக்குகின்றது. 'இரவிலே ஒரே யோசனை' என்று தகப்பன் சொல்வார். மொழிபெயர்க்க வந்த மகள் 'அப்பா நிறையச் சிந்திக்கிறார்' என்று ஆங்கிலத்தில் சொல்வாள். வைத்தியர் சிரித்துவிட்டு இரத்த அழுத்தத்தைப் பார்ப்பார். நோய் அறையை விட்டு வெளியே வந்துவிடும், ஒருவரும் அதைக் காணவில்லை.

இது புதிய காலத்து வருத்தமும் அல்ல. புடாபெஸ்டில் இருந்த உளப்பகுப்பாய்வாளர் சாண்டோர் ஃபெரென்சி 1919இல் 'ஞாயிற்றுக்கிழமை நரம்புக் கோளாறுகள்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மற்ற நாட்களில் நன்றாக இருப்பவர்களுக்கு ஓய்வு நாளில் மட்டும் தலையிடியும் வயிற்றுக் கோளாறும் வருவதை அவர் கவனித்திருந்தார். அவர் சொன்ன விளக்கம் இன்றைக்கு எங்களுக்கு அவ்வளவாக உதவாது. நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் இது இருந்தது என்பதே எங்களுக்குப் போதும்.

இதைவிட நல்ல சான்று எங்கள் நாட்டிலேயே உண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை அல்ல. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் சனி ஞாயிறை எடுத்துவிட்டு, மாதத்தில் நான்கு தடவை வரும் போயாவையும் அதற்கு முந்திய நாளையும் ஒட்டி விடுமுறையை வைத்தது. சந்திரனின் கணக்கு ஏழு நாளுக்குள் சரியாக அடங்காது என்பதால் சில கிழமைகளில் வேலைநாள் ஒன்று கூடிவிடும். எங்கள் பெற்றோர் தலைமுறையில் அரசாங்க வேலை பார்த்தவர்கள் இதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஐந்து வருடமும் யோசனை வந்திருந்தால் அது போயா இரவில்தான் வந்திருக்கும். இன்று ரொறன்ரோவில் முதியோர் பராமரிப்பிலும் உணவகங்களிலும் சனி ஞாயிறு வேலை செய்து செவ்வாய், புதன் லீவு எடுப்பவர்களுக்கு அது புதன் பின்னேரம் வருகின்றது. வேலையின் அட்டவணை எங்கே போகின்றதோ அங்கே அதுவும் போகின்றது.

எங்களுக்கு ஏன் கொஞ்சம் கூடுதலாக

ரொறன்ரோவுக்கும் இலங்கைக்கும் நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி. இங்கே ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் ஊரில் திங்கட்கிழமை விடிந்துகொண்டிருக்கின்றது. நாங்கள் திங்களைத் தள்ளிவைக்கப் பார்க்கும் அந்த நேரத்தில் எங்கள் சொந்தங்களுக்குத் திங்கள் தொடங்கிவிட்டது. வங்கி திறக்கப் போகின்றது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காணி விசயமாக வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். இங்கே பத்தரை, பதினொரு மணிக்கு வைபரில் அழைப்பு வருகின்றது. அழைப்பவரில் பிழை இல்லை, அவருக்கு அது காலை நேரம். ஆனால் இங்கே ஒருவர் கட்டிலில் இருந்து எழும்பி, வெளிச்சமான திரையைப் பார்த்து, ஒரு தொகையைக் கேட்டு, அதை எங்கிருந்து எடுப்பது என்று மனதுக்குள் கூட்டிக் கழித்து, மறுபடியும் படுக்கிறார். ஒரு சம்பளத்தில் இரண்டு நாட்டில் மூன்று வீடு நடத்துகிறவருக்கு 'வேலை போனால்' என்ற எண்ணம் ஒரு வீட்டோடு நின்றுவிடுவதில்லை.

ஏஜென்சி ஊடாகப் பண்டகசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்களின் நிலை இன்னொரு விதம். நாளைக்கு வேலை இருக்கிறதா என்பதே ஞாயிறு இரவு கைத்தொலைபேசிக்கு வரும் செய்தியில்தான் தெரியும். அவர்கள் வேலையை நினைத்தும் பயப்பட வேண்டும், வேலை இல்லை என்பதை நினைத்தும் பயப்பட வேண்டும்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லத் தயக்கம் இருக்கின்றது. ஏனென்றால் எதற்கெடுத்தாலும் போரைச் சொல்லும் பழக்கம் எங்களுக்கு உண்டு என்று பிள்ளைகள் குறைசொல்கிறார்கள். ஆனாலும் பொழுதுபடும் நேரம் எங்களில் பலருக்கு ஒரு காலத்தில் வெறும் பொழுதுபடும் நேரமாக இருக்கவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும், கொழும்பு லொட்ஜ்களில் இரவுச் சுற்றிவளைப்பை எதிர்பார்த்து அடையாள அட்டையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவர்களும் இருட்டுக் கட்டும்போது காதைத் தீட்டிவைத்திருக்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம் விமானத்தில் ஏறும்போது இறங்கிப் போய்விடவில்லை. டிசம்பரில் ரொறன்ரோவில் நாலே முக்காலுக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகின்றது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணிசெய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் போர் எங்கள் மக்களின் மனதுக்குச் செய்ததை விரிவாக எழுதியிருக்கின்றார். எங்கள் ஆட்கள் மனத் துயரத்தை உடம்பு நோவாகச் சொல்வது அவருக்கு நன்றாகத் தெரிந்த விடயம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் ஞாயிறு பின்னேரம் வயிறு கலக்குகின்றது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் போர் காரணம் அல்ல, திங்கட்கிழமைப் பரீட்சை காரணம்.

ஏட்டில் எதைப் பதிவது

கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு இதைப் பார்க்க ஒரு வழி தொழிலிலேயே இருக்கின்றது. எதிர்காலத்தில் வரக்கூடிய பொறுப்புகளை எப்போது ஏட்டில் எடுப்பது என்று சர்வதேச கணக்கீட்டு நியமம் 37 சொல்கின்றது. இலங்கையில் படித்தவர்களுக்கு அது இலங்கைக் கணக்கீட்டு நியமம் 37. ஏற்கனவே நடந்த ஒன்றால் உருவான கடப்பாடு, பணம் வெளியே போவதற்கே சாத்தியம் கூட, தொகையையும் நம்பகமாக மதிப்பிடலாம் என்றால் அதை ஏற்பாடாகப் பதிய வேண்டும். நடக்கலாம், நடக்காமலும் விடலாம் என்றால் அது நிகழத்தகு பொறுப்பு. அது ஏட்டுக்குள் வராது, அடிக்குறிப்பில் மட்டும் வரும். சாத்தியம் மிக அரிது என்றால் குறிப்பிலும் தேவையில்லை. அதே நியமத்தில் இன்னொரு விதி உண்டு. எதிர்காலத்தில் தொழில் நடத்தும்போது வரக்கூடிய நட்டத்துக்கு இன்றைக்கே ஏற்பாடு வைக்கக் கூடாது. அடுத்த வருட நட்டம் அடுத்த வருடத்துக்கு உரியது.

ஞாயிறு பின்னேரம் மனம் செய்வது இந்த விதியை மீறுவதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை வரக்கூடிய நட்டம் எல்லாவற்றையும், அரிதானவற்றையும் சேர்த்து, ஞாயிறுக் கணக்கில் பற்று வைத்துவிடுகின்றது.

ஆகவே ஒரு தாளும் பேனையும் எடுக்கச் சொல்கிறோம். இரவு படுக்கையில் அல்ல, பின்னேரம் நான்கு மணிக்கு முன்னர். ஒரு பக்கத்தில் நிச்சயமானவை: திங்கள் காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட், செவ்வாய் பத்து மணிக்கு மேற்பார்வையாளரோடு சந்திப்பு, வியாழன் வீட்டுக் கடன் தவணை. ஒவ்வொன்றுக்கும் நேரம் இருக்க வேண்டும், முதலில் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையும் இருக்க வேண்டும். மறுபக்கத்தில் நடக்கலாம் என்பவை: ஆட்குறைப்பு வரலாம், மேற்பார்வையாளர் அந்தப் பழைய பிழையைக் கிளறலாம். இவற்றுக்கு ஒரு வரி போதும். மூன்றாவது வகையை, அதாவது வேலை போய், வீடு போய், பிள்ளையின் படிப்பு நின்று, ஊரில் அம்மா தனித்துப்போகும் அந்த நீண்ட படத்தை, எழுதவே வேண்டாம்.

இது கணக்காளரின் கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். முடிக்காத வேலை மனதில் கிடந்து உறுத்தும் என்பதை உளவியலாளர்கள் 1920களில் இருந்தே ஆராய்ந்து வருகின்றார்கள். 2011இல் மசிகம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் அந்த வேலையை முடிக்கத் தேவையில்லை, எப்போது எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தாலே உறுத்தல் குறைகின்றது என்று காட்டினார்கள். 2018இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளம் வயதினரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பகுதியினர் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள், மற்றவர்கள் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்களே விரைவாக நித்திரையானார்கள், அதிலும் விபரமாக எழுதியவர்கள் இன்னும் விரைவாக. சிறிய ஆய்வுதான். ஆனால் தாளுக்கும் பேனைக்கும் செலவில்லை.

தாளை மூடிய பிறகும் யோசனை வரும். அதற்கு 1983இல் அமெரிக்க உளவியலாளர் தோமஸ் போர்கோவெக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு முறை சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குவது. வேறு நேரத்தில் கவலை வந்தால் 'உன் நேரம் ஐந்தரைக்கு' என்று தள்ளிவைப்பது. கேட்கப் பகிடியாக இருக்கும். யோசிக்காமல் இரு என்று ஒருவருக்குச் சொல்வது பலிக்காது என்பதை நாங்கள் அறிவோம். பிறகு யோசி என்பது பலிக்கின்றது. இடம் கட்டிலாக இருக்கக் கூடாது, பூசை அறையும் வேண்டாம்.

ஊரில் இருந்து வரும் அழைப்புக்கும் நேரம் வைக்கலாம். சனிக்கிழமை காலை இங்கே ஒன்பது மணி என்றால் அங்கே பின்னேரம் ஆறரை அல்லது ஏழரை. இரு பக்கமும் அவசரம் இல்லாத நேரம். காசு விசயம் சனிக்கிழமை மட்டும் கதைப்பது, ஞாயிறு இரவு உயிர் ஆபத்து என்றால் மட்டும் எடுப்பது என்று அக்கா தம்பிமார் பேசி வைத்துக்கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. முதல் மாதம் மனஸ்தாபம் வரும். 'வெளிநாடு போனதும் மாறிவிட்டான்' என்பார்கள். இரண்டாவது மாதம் பழகிவிடும்.

கடிதங்களும் அப்படியே. கனடா வருமான வரித் திணைக்களத்தின் பழுப்புக் கடித உறையை ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத் திறந்து படித்துவிட்டு எங்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்கள் அநேகர். அந்த நேரத்தில் திணைக்களத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. வரி மதிப்பீட்டு அறிவித்தலை எதிர்ப்பதற்கு அறிவித்தல் திகதியில் இருந்து குறைந்தது 90 நாட்கள் இருக்கின்றன. ஆவணம் கேட்டு வரும் சாதாரணக் கடிதங்களில் பதில் அனுப்ப வேண்டிய திகதி எழுதப்பட்டிருக்கும், அது பெரும்பாலும் சில கிழமைகள் தள்ளியே இருக்கும். ஞாயிறு இரவில் இருந்து திங்கள் பின்னேரத்துக்குள் கெட்டுப்போகும் கடிதம் எங்கள் அனுபவத்தில் இல்லை. கடித உறையைத் திறக்காமல் மாதக்கணக்கில் அலுமாரியில் வைப்பதுதான் ஆபத்து. கிழமை நாளில் ஒரு பின்னேரத்தை ஒதுக்கித் திறவுங்கள். (எங்களுக்கும் பெப்ரவரி கடைசி தொடங்கி ஏப்ரல் 30 வரை ஞாயிறு என்று ஒன்று கிடையாது. ஆகவே படங்களை அனுப்புவதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை.)

நித்திரை பற்றி ஒரு வார்த்தை. சனிக்கிழமை மண்டபத்தில் பிறந்தநாள் விழா, நள்ளிரவு தாண்டிச் சாப்பாடு, ஞாயிறு பத்து மணிக்கு எழும்புதல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு குட்டித் தூக்கம், ஐந்து மணிக்கு ஒரு கடும் தேத்தண்ணி. இதன் பின் இரவு பத்து மணிக்கு நித்திரை வராததற்கு மனதைக் குறைசொல்லிப் பயனில்லை. ஜேர்மனியின் மியூனிக்கில் டில் ரோனெபெர்க் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2006இல் இதற்குச் 'சமூக ஜெட்லாக்' என்று பெயர் கொடுத்தார்கள். விமானம் ஏறாமலே உடம்புக் கடிகாரம் இரண்டு மூன்று மணி நேரம் மேற்கே போய்விடுகின்றது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வேண்டும். விழாவுக்குப் போகாதீர்கள் என்று சொன்னால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. ஞாயிறு காலை வழமையைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தாமல் எழும்பினாலே வித்தியாசம் தெரியும்.

ஞாயிறு இரவு எழுதும் கடிதம்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இதுதான். வேலையை விடுகிறேன் என்ற மின்னஞ்சல்கள் பல ஞாயிறு இரவில் எழுதப்படுகின்றன. அதன் விலை என்ன என்பது அனுப்பிய பிறகுதான் எங்கள் மேசைக்கு வருகின்றது.

கனடாவில் தகுந்த காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு வேலையின்மைக் காப்புறுதியின் வழமையான கொடுப்பனவு கிடைக்காது. தொந்தரவு, உடல்நலத்துக்கு ஆபத்து போன்றவை தகுந்த காரணங்களே. ஆனால் விடுவதற்கு முன் வேறு வழிகளை முயன்று பார்த்ததைக் காட்ட வேண்டும். மேலிடத்தில் முறைப்பாடு செய்தீர்களா, விடுப்புக் கேட்டீர்களா, வைத்தியரிடம் போனீர்களா என்று கேட்பார்கள். அதே ஆள் வேலையை விடாமல் முதலில் வைத்தியரிடம் போயிருந்தால் வேறு கணக்கு. வேலை செய்ய முடியாத நிலை என்று வைத்தியச் சான்றிதழ் கிடைத்து, காப்புறுதிக்குரிய 600 மணி நேரமும் இருந்தால், சுகவீனக் கொடுப்பனவு 26 கிழமை வரை பெறலாம். 2022 டிசம்பருக்கு முன்னர் அது 15 கிழமையாகவே இருந்தது. தொகை சம்பளத்தின் 55 சதவீதம், அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. பதகளிப்பும் மனச்சோர்வும் இதற்குள் அடங்கும். முதுகு நோவுக்கு மட்டும்தான் என்று நம்புகிறவர்கள் எங்கள் ஆட்களில் இன்னும் இருக்கின்றார்கள்.

எழுத வேண்டும் என்று கை துடித்தால் எழுதுங்கள், அனுப்ப வேண்டாம். புதன்கிழமை மத்தியானம் எடுத்து வாசியுங்கள். புதன்கிழமையும் அதே வசனங்கள் சரியாகப் பட்டால், அப்போது அது பதகளிப்பு அல்ல, அந்த வேலைத்தலத்தைப் பற்றிய உண்மையான தகவல். ஒரு குறிப்பிட்ட ஆளின் ஷிஃப்ட் வரும் கிழமையில் மட்டும் ஞாயிறு மோசமாக இருந்தால் அதுவும் தகவல்தான். அங்கே மூச்சுப் பயிற்சியும் தாளும் பேனையும் பொய்யான மருந்து. திகதியும் நேரமும் போட்டு நடந்ததை எழுதி வையுங்கள். ஒன்ராறியோவில் வேலைத்தலத் தொந்தரவு பற்றிய முறைப்பாட்டை விசாரிக்க வேண்டியது வேலை கொடுப்பவரின் சட்டக் கடமை. பாதுகாப்பற்ற வேலையை மறுக்கும் உரிமை ஏஜென்சி ஊடாக வந்தவர்களுக்கும் உண்டு. ஞாயிறு இரவு மேலதிகாரியின் மின்னஞ்சல்கள்தான் பிரச்சினை என்றால், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒன்ராறியோ நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிப்பது பற்றி எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். பிரான்சில் 2017இல் இருந்தும் அவுஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இருந்தும் இது பற்றிச் சட்டம் இருக்கின்றது. அங்குள்ள உறவினர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

வைத்தியரிடம் எப்போது போவது? யோசனை ஞாயிறைத் தாண்டிச் செவ்வாய், புதன் என்று பரவினால், குடி அதற்கு மருந்தாகத் தொடங்கினால், கனவில் பழைய சம்பவங்கள் திரும்பத் திரும்ப வந்தால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால். கடைசியில் சொன்னதற்குக் காத்திருக்கவே கூடாது. கனடாவில் 988, பிரித்தானியாவில் 116 123 என்ற இலக்கங்களை எந்த நேரமும் அழைக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரின் பதிவுகளை வைத்து 1994இல் வெளிவந்த ஆய்வு, வேலைக்குப் போகிறவர்களிடையே மாரடைப்பு திங்கட்கிழமைகளில் கூடுதலாக வருவதைக் காட்டியது. எங்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதிகம். ஞாயிறு இரவோ திங்கள் காலையோ நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ நோ, குளிர்ந்த வியர்வை என்றால் 'வழமையான யோசனைதான்' என்று இஞ்சித் தேத்தண்ணி குடிக்க வேண்டாம். 911, ஐரோப்பாவில் 112, பிரித்தானியாவில் 999.

குடும்ப வைத்தியரைப் பார்ப்பதற்குக் கனடாவில் கட்டணம் இல்லை. அவர் அனுப்பினால் உளமருத்துவருக்கும் இல்லை. உளவியலாளருக்கு உண்டு, வேலைத்தலக் காப்புறுதி பெரும்பாலும் அதில் ஒரு பகுதியைக் கொடுக்கும், காப்புறுதிப் புத்தகத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் வைத்தியர் ஊடாகப் போகாமல் தாங்களே தேசிய சுகாதார சேவையின் பேச்சுச் சிகிச்சைக்குப் பதியலாம், மொழிபெயர்ப்பாளரும் இலவசம். வைத்தியரின் அறைக்குப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். தகப்பன் பிள்ளைக்கு முன்னால் உண்மையைச் சொல்ல மாட்டார், பிள்ளையும் அதைச் சுமக்கக் கூடாது. 'யோசனை' என்று சொல்லாமல் எத்தனை மணிக்குத் தொடங்குகின்றது, நெஞ்சு எவ்வளவு நேரம் படபடக்கின்றது, கடந்த இரண்டு கிழமையில் எத்தனை இரவு நித்திரை இல்லை என்று எண்ணிக்கையில் சொல்லுங்கள். வைத்தியரிடம் 2006இல் உருவாக்கப்பட்ட ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்தில் இருந்து மூன்று வரை புள்ளி, மொத்தம் 21. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் அவர் மேலும் விசாரிப்பார்.